மலையடிவாரத்துப் பனிக்காலத் தோட்டம்

காலத்தை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் பெயரிட்டு வழங்கினர். அகப்பொருள் இலக்கணம் பயிலும் மாணவராகிய யாம், இப்பொழுதுகளைத் தலைவன் தலைவியரின் கூடலுக்கும் பிரிவுக்கும் உரிய முதற்பொருளாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி வருகிறோம். ஆயின் இப்பகுப்பு ஏட்டில் எழுதப்படுமுன் நிலத்தில் எழுதப்பட்டது என்பதும், கூதிர் எப்போது ஓயும், முன்பனி எப்போது தொடங்கும் என்பதைப் பதினைந்து நாள் பிசகிக் கணித்த வீட்டின் அடுப்பங்கரைக்கு அவ்வாண்டு அவரைக்காய் வாராது என்பதும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் யாம் கற்றவை. அவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தோட்டக்கலை பற்றிய ஆங்கில நூல்களில் குளிர்காலப் பயிர் என்னும் பகுதியைப் புரட்டுவோர்க்கு முதலில் ஒரு திகைப்புத் தோன்றும். அந்நூல்கள் எழுந்த நாடுகளில் குளிர்காலமாவது மண் உறைந்து இறுகும் காலம். செடியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தல், வைக்கோலால் போர்த்தல், உறைபனி வருமுன் கிழங்குகளைத் தோண்டி நிலவறையில் அடுக்குதல் என்று அங்கே குளிரோடு நிகழ்த்தும் போரே தோட்டவேலை. எம் பக்கத்திலோ மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை செல்சியஸ் அளவில் 20 பாகையை ஒட்டியே நிற்கும். பகலில் 30 பாகையளவும் ஏறும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில் புல்நுனியில் வெண்மையாய் உறையும் பனி, மலையடிவாரத்தில் வெறும் ஈரமாகவே விழுகிறது. அந்நூல்களை அப்படியே பின்பற்றுவோன், வாராத பகைவனுக்காக மதில் எழுப்புவோனை ஒப்பான்.

ஈண்டுப் பயிருக்குப் பகை குளிரன்று. குளிருக்கு முன் வரும் மிகுநீரும், குளிருக்குப் பின் வரும் நீரின்மையுமே பகை. இவ்விரண்டிற்கும் நடுவே, மண்ணில் ஈரமும் வானில் தெளிவும் ஒருங்கே வாய்க்கும் எழுபது எண்பது நாட்களே பனிக்காலத் தோட்டத்தின் பொற்காலம். அந்நாட்களில் செடி காய்த்துக்கொண்டிருக்க வேண்டுமேயன்றி, முளைத்துக்கொண்டிருத்தல் ஆகாது. இவ்வொன்றை உணர்ந்தார்க்கு ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

நிலத்தின் இயல்பைச் சிறிது கூறுதும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராய் நின்று தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. ஆனி, ஆடியில் மழையை அந்தப்புறத்தில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் மேல்காற்றே எமக்குக் கிட்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டித் தொடங்கும். ஆண்டு முழுவதும் பெய்வதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. மலையை அடுத்த நிலம் பெரும்பாலும் செம்மண். நீரை விரைவில் வடித்துவிடும். கிழக்கே செல்லச் செல்லக் கரிசல். அது மழையை வாங்கித் தன் வயிற்றில் தேக்கிக்கொள்ளும். செம்மண் தோட்டத்தான் ஐப்பசி மழைக்கு நன்றி கூறும்போது கரிசல் தோட்டத்தான் தலையில் கை வைத்துக்கொள்வான். தையில் அவ்விருவர் நிலையும் மாறும். ஆதலின் அயலூர் உறவினர் கூறும் யோசனையைக் கேட்குமுன், அவர் காலடி மண்ணின் நிறத்தைக் கேட்டறிதல் நலம்.

தோட்டம் இவ்வூர்களுக்குப் புதியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய வரலாறே ஒரு நந்தவனத்தில் தொடங்குகிறது. பெரியாழ்வார் பூச்செடி வளர்த்த இடமென்றும், துளசியின் அடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த இடமென்றும் கூறப்பெறும் நந்தவனம் கோயிலை அடுத்து இன்றும் உளது. அது பூந்தோட்டம், யாம் கூறவந்தது கறித்தோட்டம். எனினும் மார்கழியின் பெயரைத் தமிழர் நாவில் நிலைநிறுத்திய திருப்பாவை, செடிக்கு நாள்தோறும் நீர் வார்த்த ஒரு வீட்டிலிருந்து பிறந்தது என்பது நினைக்கத் தக்கதே.

இனி, பனிக்காலக் காய்களின் அரசியாகிய அவரையைக் காண்போம். பந்தல் அவரையை ஆடிப்பட்டத்தில் ஊன்றுவர். குழிக்குக் கூடையளவு தொழுவுரம் இட்டு, இரண்டு மூன்று விதை வைப்பர். கொடி ஆவணியில் பந்தல் ஏறும். புரட்டாசியில் பந்தல் முழுதும் இலையாய் மூடும். ஆயினும் ஒரு பூவும் தோன்றாது. புதிதாய்த் தோட்டம் போட்டோர் இந்நிலையில் மனம் நொந்து, உரம் போதவில்லை என்று மேலும் உரமிடுவர். அல்லது விதை மலடென்று கொடியைப் பிடுங்குவர். அனுபவமுள்ளார் வாளா இருப்பர். ஐப்பசி கழிந்து கார்த்திகை நடக்கையில், யாரோ கட்டளையிட்டாற்போல் ஊரிலுள்ள எல்லாப் பந்தலும் ஒருங்கே பூக்கும். ஆடியில் ஊன்றியதும் ஆவணியில் ஊன்றியதும் சில நாள் முன்பின்னாகப் பூத்துவிடும் என்பதே வியப்பு.

அக்கட்டளையை இடுவது இரவு. அவரை குறும்பகற் செடி. இரவு நீண்டு பகல் குறுகினாலன்றிப் பந்தல் வகைகள் பூவா. செடிகள் நாட்பொழுதின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்னும் உண்மையை அமெரிக்க நாட்டு அறிஞர் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் புகையிலைச் செடியையும் சோயா மொச்சையையும் கொண்டு ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டனர். எம்மூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்பதரைப் பாகையில் இருப்பதால், இங்கு ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மேல். மனிதராகிய நாம் கடிகாரம் பாராமல் உணர இயலாத இச்சிறு வேற்றுமையை ஓர் அவரைக்கொடி உணர்கிறது. இதனைக் கார்னரும் அல்லார்டும் காரணத்தோடு விளக்கினர். நிகழ்ச்சியைக் கண்டவர் அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே இருந்தனர். குறுந்தொகையின் 82-ஆம் பாட்டில், பிரிந்த தலைவன் வாராமையை நினைந்து வருந்தும் தலைவி, அப்பருவத்தைச் சுட்டுதற்கு மலைச்சாரலில் அவரை பூத்தலையே அடையாளமாகக் கூறுகிறாள். அரிந்த தினையின் தாளில் மறுபடி தழைத்த மறுகாற் பயிரைப் பற்றிக் கொழுங்கொடி படர்ந்து பனிநாளில் பூக்கும் என்பது அங்கே காட்டப்படும் காட்சி. 240-ஆம் பாட்டிலும் அவரைப்பூவுக்குப் பனியே துணை. இவற்றை உவமை நயத்திற்காகப் பாராட்டி நிறுத்திவிடாமல் தோட்டத்திற்குள் கொண்டுசென்றால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. அவரை தினைக்கு முன்போ உடனோ விதைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கொம்பு நடாமல் தினைத்தாளையே கொழுகொம்பாக்கினர் என்பது மற்றொன்று. இன்றும் சோளத்தட்டையில் அவரையும் மொச்சையும் ஏற்றுவோர் உளர்.

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது எம்மாதத்தும் காய்க்கும் செடியவரை வகைகளையும் வெளியிட்டுள்ளனர். பந்தலுக்கு இடமில்லார்க்கு அவை பெருநன்மை. எனினும் பனியில் காய்த்த பந்தல் அவரையின் சுவை அவற்றுக்கு உண்டோ என்பதை உண்டு பார்த்தே முடிவுசெய்யலாம். எம் தீர்ப்பு பந்தலின் பக்கமே.

அவரையைப் போன்றே சிறுகிழங்கும் இரவின் நீளத்தை அறிந்து மண்ணுக்குள் கிழங்கு வைப்பது. ஆடி, ஆவணியில் கொடித்துண்டு நட்டு, மார்கழி கடைசியில் தோண்டுவர். தென்பாண்டி நாட்டுப் பொங்கற் குழம்பு அதனைக் காத்திருக்கும். பனங்கிழங்கிற்கு நீரும் வேண்டா, உரமும் வேண்டா. ஆவணி, புரட்டாசியில் உதிர்ந்த பழத்தின் கொட்டைகளை மணலில் புதைத்து விட்டுவிட்டால், மழை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தையில் கிழங்கு தயார்.

மேற்கூறிய யாவற்றுள்ளும் ஓர் ஒற்றுமை காணலாம். பனிக்காலத்தில் உண்ணப்படுவன எவையும் பனிக்காலத்தில் விதைக்கப்பட்டவை அல்ல. மேல்காற்று புழுதி வாரி வீசும் ஆடி மாதத்தில், குளிரைப் பற்றி ஒருவரும் நினையாத காலத்தில், பனிக்காலத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. கல்லூரி மாணவர்க்கு இதுவே பெரிய இடையூறு. ஆடியில் நாம் வகுப்பில் இருக்கிறோம். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊர் சென்று, பிறர் பந்தலில் காய் தொங்கக் கண்டு, அப்போதுதான் மண்வெட்டியைத் தேடுகிறோம். அவ்வாறு தேடுவோர்க்குச் செய்யத்தக்கது யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

அதற்குமுன் நீரைப் பற்றி விரிவாகக் கூறியாக வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் முதலியவற்றிற்குப் புரட்டாசியில் நாற்றுப் பாவினால், இருபத்தைந்து முதல் நாற்பது நாட்களில் நாற்று நடவுக்கு வரும்; அதாவது மழையின் நடுவே. அக்காலத்தில் நாற்றங்காலில் ஒரு கொள்ளை நோய் புகும். மாலையில் பசுமையாய் நின்ற நாற்றுகள் காலையில் தரையோடு தரையாய்ச் சாய்ந்து கிடக்கும். தண்டின் அடி நூல்போல் இற்றிருக்கும். இது நாற்றழுகல். பித்தியம் முதலிய பூஞ்சைகளின் வேலை. அப்பூஞ்சைகள் நீர் தேங்கிய மண்ணில் நீந்தியே பரவுவன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், யாம் நாற்றுக்கு எத்தனை முறை நீர் ஊற்றவேண்டும் என்று வினவியபோது, “தம்பி, ஊத்துற தண்ணியை அப்புறம் கேளு, வடியிற தண்ணிக்கு மொதல்ல வழி வச்சியா?” என்று திருப்பிக் கேட்டார். அவர் நாற்றங்காலைத் தரையினின்று ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைத்திருந்தார். அகலம் மூன்றடி, இருபுறமும் நின்று கை எட்டும் அளவு. பாத்தியைச் சுற்றி ஓடும் வாய்க்கால் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குச் சரிந்திருந்தது. விதையை நெருக்கித் தூவாமல் விரற்கடை இடைவெளியில் கோடு கிழித்து இட்டிருந்தார். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைத்தல் இக்காலத்தார் கண்ட துணை. அது நல்லதே, ஆயின் நீர் தேங்கும் பள்ளத்தில் இடும் விதையை அதுவும் காவாது.

கர்ணனுக்குப் பின் கொடையில்லை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்பது எம் நாட்டுப் பழமொழி. அதனை நம்பிக் கார்த்திகை கழிந்ததும் வடிகாலைத் தூர்த்துப் பாத்தியாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், மார்கழி பிறந்தவுடனே, தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை அப்பழமொழியைப் பொய்யாக்கிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எம் மாவட்டத்தில் ஓராண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மழையைவிட அது மிகுதி. தாமிரபரணிக் கரையூர்கள் பட்ட துயரத்தின் முன் கறித்தோட்டங்களின் அழிவைப் பேசுதல் சிறுமையே. ஆயினும் தோட்டம் போடுவோர்க்கு அதிலொரு பாடம் உண்டு: வடிகாலைத் தைப்பொங்கல் வரையில் மூடலாகாது.

இங்கிலீஷ் காய் என்று எம் கடைத்தெருக்களில் இன்றும் வழங்கும் முட்டைக்கோசு, பூக்கோசு, காரட்டு, பீட்ரூட்டு ஆகியவற்றைப் பலரும் மலைக்கே உரியவை என்று எண்ணுகின்றனர். ஐரோப்பியர் இவற்றை நீலகிரி முதலிய மலைகளில் வளர்த்துப் பரப்பியதால் அவ்வெண்ணம் வேரூன்றியது. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த சலிவன் 1820-களில் உதகையில் இவற்றைப் பயிரிடுவித்தார். பூக்கோசு வட இந்தியாவில் சகாரன்பூர்த் தோட்டத்திற்கு 1822-இல் வந்தது என்பர். அங்கிருந்து சமவெளி உழவர் தலைமுறை தலைமுறையாக, வெப்பம் தாங்கிய செடிகளிலிருந்தே விதை எடுத்து, நம் நாட்டுக்கெனத் தனி இனத்தை உண்டாக்கிவிட்டனர். ஐரோப்பிய இனம் 10 முதல் 16 பாகைக் குளிரில் பூக்கட்டும். நம் நாட்டு முன்பருவ இனங்கள் 20 முதல் 27 பாகையிலும் பூக்கட்டும். எம் மார்கழிக்கு இவ்விரண்டில் எது ஏற்றது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின் விதைப் பொட்டலத்தின் மேலுள்ள படத்தைக் கண்டு மயங்காமல், இனத்தின் பெயரையும் பருவத்தையும் படித்து வாங்குதல் வேண்டும். நாற்று முதிர்ந்தபின் நட்டால் பூ சட்டைப் பொத்தானளவில் நின்றுவிடும். முட்டைக்கோசுக்கு வைர முதுகுப் பூச்சியின் புழு பெரும்பகை; பாத்தியின் ஓரத்தில் கடுகு விதைத்தால் தாய்ப்பூச்சி பெரும்பாலும் அக்கடுகை நாடி முட்டையிடும். காரட்டு கற்களில்லாப் பொடிமண்ணில் மட்டுமே நேரே இறங்கும்; கரிசலில் அதனை முயல்வது வீண். பீட்ரூட்டின் விதை என நாம் விதைப்பது உண்மையில் பல விதைகள் சேர்ந்த கொத்து. ஒன்றிலிருந்து மூன்று நான்கு முளை வரும். ஒன்றை விட்டு ஏனையவற்றைக் களைதல் வேண்டும்.

இவற்றைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் ஒரு செண்டு நிலமே உடையோர், அதில் முக்காற்பங்கை அவரைக்கும் கத்தரிக்கும் கிழங்கிற்கும் கீரைக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் இங்கிலீஷ் காயை விருந்தினராக வைத்துக்கொள்வதே தக்கது என எண்ணுகிறோம். அதன் காரணம் விதையைப் பற்றிக் கூறுமிடத்து விளங்கும்.

பனி விழத் தொடங்கியதும் நோய்களின் முகம் மாறும். மேகம் மூடிய மார்கழி நாட்களில் அவரையின் இளங்குருத்திலும் பூங்கொத்திலும் அசுவினி கரியதாய் மொய்க்கும். எறும்பு ஏறுவது கண்டால் அசுவினி வந்துவிட்டது என அறியலாம். அது சுரக்கும் இனிய நீருக்காக எறும்பு அதனைப் பேணும். விடியற்காலையில் பனியீரம் உலருமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுதல் பாட்டிமார் முறை. ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். எரிவாயு வந்தபின் சாம்பலுக்கே பஞ்சமாகிவிட்டமையால், வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து வடித்த சாற்றை நூற்றுக்கு ஐந்து வீதம் தெளிக்கலாம். மொய்த்த குருத்தைக் கிள்ளி எறிவதும் ஒரு மருந்தே. வெண்டையிலும் பூசணியிலும் இலைமேல் மாவு பூசினாற்போல் சாம்பல் நோய் தோன்றும். பகல் வறண்டு இரவு பனிக்கும் காலமே அதற்கு உகந்தது. மாலையில் இலை நனைய நீர் ஊற்றுவதை நிறுத்தி, நோயுற்ற அடியிலைகளைக் கிள்ளிவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

விடுமுறையில் தொடங்கும் மாணவர்க்கு முன்னர்க் கூறிய வாக்கின்படி வழி சொல்லவேண்டும். மார்கழி நடுவில் விதைத்தும் பயன்பெறத் தக்கவை சில உள. முள்ளங்கி 45 நாளில் கிழங்கு தரும். சிறுகீரையும் வெந்தயக்கீரையும் ஒரு மாதத்திற்குள் அரிவாளுக்கு வரும். கரிசல் நிலத்தார் மழை ஈரத்தை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த கொத்தமல்லி அப்போது பூத்துக்கொண்டிருக்கும். தழைக்காக மட்டும் எனில் மார்கழியிலும் ஒரு பாத்தி விதைக்கலாம், விதையை இரண்டாக உடைத்து. இவையன்றி ஒரு பெரிய வேலையும் உண்டு: வரும் ஆடிக்குப் பந்தற்கால் எங்கே நடுவது, மழைநீர் எவ்வழி ஓடுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டு வருதல். விடுமுறையில் எவரும் தடுக்காத வேலை அது. ஆடியில் விதை ஊன்ற வீட்டிலுள்ள தம்பி தங்கையரோ பாட்டியோ போதும். இடத்தைக் காட்டி வைத்தல் நம் கடன்.

தை பிறந்தபின் கிணற்றில் நீர் படிப்படியாய் இறங்கும். பொங்கலுக்கு வாங்கிய கரும்பின் சோகை, வாழைச்சருகு, தென்னைமட்டையின் துண்டு, இவற்றையெல்லாம் செடியின் அடியில் நான்கு விரல் கனத்திற்கு மூடாக்காகப் பரப்பினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை வார்த்த நீரை நான்கு நாளுக்கு ஒருமுறை வார்த்தாலும் செடி வாடாது. ஐப்பசியில் உயர்த்திய மேட்டுப்பாத்திக்கு இப்போது அவ்வுயரமே தீங்காகும், விரைவில் உலரும். ஆதலின் பாத்தியின் நடுவைச் சிறிது குழித்து நீர் நிற்கச் செய்வர். வடித்த கையே தேக்கும் கையாகும் பருவம் இது.

இனி விதை. முட்டைக்கோசும் ஐரோப்பிய இனக் காரட்டும் பூத்து விதைப்பதற்குப் பல வாரம் கடுங்குளிர் பட்டாக வேண்டும். எம் பக்கத்தில் அவை ஒருபோதும் விதையா. ஆண்டுதோறும் இமயமலைச் சாரலிலோ கடல்கடந்தோ விளைந்த விதையை விலைக்கு வாங்குவதன்றி வேறு வழியில்லை. அவரை, மொச்சை, கத்தரி, கீரை இவற்றின் விதையோ நம் வீட்டிலேயே பிறக்கும். அவரை பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருவுறுவது. தாயைப் போன்றே பிள்ளை இருக்கும். அதனாலேயே ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஊதாவிளிம்பு அவரையும் மறு வீட்டில் வெள்ளைப்பட்டையும் தலைமுறை தலைமுறையாய்க் கலவாமல் நின்றன. அவ்விதைகளுக்குக் கடையில் பெயரில்லை. வைத்திருந்த வீட்டாரின் பெயராலேயே வழங்கும். யாம் விசாரித்த வீடுகள் சிலவற்றில் பாட்டியார் மறைந்த ஆண்டோடு விதையும் மறைந்திருந்தது. பந்தல் இருந்த முற்றத்தில் சிமெண்டுத் தளம். நூற்பாலை வேலைக்குச் சென்று திரும்பும் வீட்டார்க்கு ஓய்வில்லை என்பது மெய்யே. அவரை கேட்கும் உழைப்பு அவ்வளவு பெரிதன்று என்பதும் மெய்.

விதைக்கென விடுங்காய்களைக் கடைசியில் எஞ்சியவற்றிலிருந்து கொள்ளுதல் ஆகாது. நோயின்றித் தழைத்த கொடியில், முதலிரண்டு பறிப்புக்குப்பின் வரும் பருத்த காய்களைத் துணித்துண்டு கட்டி அடையாளமிட்டு, மாசியில் நெற்றாகிக் குலுக்கினால் ஓசை கேட்கும்வரை கொடியிலேயே விடுவர். பறித்து, நிழலில் உலர்த்தி, பொக்கும் வண்டு துளைத்ததும் நீக்கி, செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து, வேப்பிலைச் சருகோடு மண்கலயத்தில் இட்டு வாய் கட்டி, பரணில் வைப்பர். ஆடி முதல் வாரத்தில் அதனை இறக்குவர்.